அம்மாவின் ஊறுகாயும் நூறு மில்லியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாடு புறப்பட்டால், முதல் நாள் ராத்திரி கூடத்தில் பாய் விரித்து, பெட்டியைத் திறந்து நடுவில் வைத்துவிட்டு வீடே சுற்றி உட்காரும். பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ, இட்லிப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, முறுக்கு, வெங்காய வடகம், துறைமுகத்துப் பக்கத்திலிருந்து அத்தை வாங்கிவரும் நெத்திலிக் கருவாடு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலோடு வருவார். "பொட்டியிலதான் எடமில்லயே, இத கைப்பையில வெச்சி எடுத்துகினு போடா."

அப்படி எடுத்துக்கொண்டு போன ஒரு பாட்டில், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் என் கண் முன்னாலேயே தொட்டிக்குள் போனது. சோதித்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இது திரவக் கணக்கில் வரும், நூறு மில்லிக்கு மேல் விட முடியாது என்றார். ஊறுகாய் எப்படித் திரவமாகும் என்று கேட்டேன். அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை, பின்னால் வரிசை நீண்டிருந்தது. போய்ச் சேர்ந்த மறுநாள் அம்மா போனில் "ஊறுகா எப்டிடா இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் உறுத்தியதால்தான் இந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஏறக்குறைய ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஒரு விமானத்தின் கதையோ, பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு இயற்பியல் பாடமோ இருக்கிறது. காரணம் பிடிபட்டுவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பொருள் எந்தப் பெட்டிக்கு என்பதைக் கூடத்துப் பாயில் உட்கார்ந்தே முடிவு செய்துவிடலாம்.

நூறு மில்லி வந்த கதை

2006 ஆகஸ்ட் 10. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பல விமானங்களை ஒரே சமயத்தில் தகர்க்கும் சதியை முறியடித்துவிட்டதாக லண்டனில் அறிவித்தார்கள். கடையில் விற்கும் குளிர்பான பாட்டிலின் மூடியைத் திறக்காமல், அடியில் துளையிட்டு, பானத்தை எடுத்துவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை ஊசி மூலம் ஏற்றுவது சதிகாரர்களின் திட்டம். பாட்டிலைப் பார்த்தால் சீல் உடையாமல் புதிதாக இருக்கும். அன்றைய எக்ஸ்ரே இயந்திரத்துக்கோ அதற்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. அந்த நாளில் பிரிட்டனில் கைப்பையே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். குழந்தையின் பால் புட்டியைத் தாயே ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இது முதல் எச்சரிக்கையும் இல்லை. 1987 நவம்பரில் அபுதாபியில் இறங்கிப்போன இருவர், கொரியன் ஏர் 858 விமானத்தின் மேல் ரேக்கில் ஒரு ரேடியோவையும் மது பாட்டிலையும் விட்டுச் சென்றார்கள். பாட்டிலில் இருந்தது திரவ வெடிபொருள். 115 பேர் இறந்தார்கள். 1994 டிசம்பரில் மணிலாவிலிருந்து டோக்கியோ போன பிலிப்பைன்ஸ் விமானத்தில், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் மருந்துக் குப்பியில் நைட்ரோகிளிசரின் கொண்டுவரப்பட்டு வெடித்ததில் ஒரு பயணி இறந்தார். ஆக, குளியலறைச் சாமான் வெடிகுண்டாக முடியும் என்பது 2006க்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே உலகத்துக்குத் தெரியும். விதிதான் தாமதமாக வந்தது. 2006 செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவும் நவம்பரில் ஐரோப்பாவும், நூறு மில்லி வரையுள்ள குப்பிகள், அவை அத்தனையும் ஒரு லிட்டர் கொள்ளும், கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு வந்தன. பிறகு உலகம் முழுக்க அதுவே நிலைத்தது. அந்த அளவுக்குள் விமானத்தை வீழ்த்தும் பொருளைக் கொண்டுவந்து கலப்பது மிகக் கடினம் என்பதுதான் கணக்கு.

இங்கே நம் ஆட்கள் தவறும் இடங்கள் இரண்டு. முதலாவது, குப்பியின் கொள்ளளவுதான் பார்க்கப்படும், உள்ளே மிச்சமிருப்பது பார்க்கப்படாது. 200 மில்லி தேங்காய் எண்ணெய் பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய்தான் இருந்தாலும் அது கைப்பையில் போகாது. இரண்டாவது, திரவம் என்ற சொல்லுக்கு அங்கே இருக்கும் பொருள் நம் வீட்டு அகராதியைவிடப் பெரியது. ஊற்ற முடிவது, பூச முடிவது, பிழிய முடிவது, பீய்ச்ச முடிவது எல்லாமே திரவம்தான். ஷாம்பு, பற்பசை, ஷேவிங் கிரீம், நெய், தேன், தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், ஊறுகாய் அனைத்தும் அதில் அடங்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும். மார்கழி காலையில் கெட்டியாக இருக்கிறதே, திடப்பொருள்தானே என்று வாதாடிப் பயனில்லை. கரண்டியில் எடுத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் அது பெரிய பெட்டிக்குப் போக வேண்டியது. கையால் உடைக்க முடிகிறதா? கைப்பையில் வைக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலோடு போய்ப் பழகியவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இந்த நூறு மில்லிக் கட்டுப்பாடு நம் நாட்டில் வெளிநாட்டுப் பயணத்தின் சோதனையில்தான் முழு இறுக்கத்தோடு வரும். புதுச்சேரியில் ஏறி பெங்களூரில் மாறி வெளிநாடு போகிறவர், புதுச்சேரியில் விட்டுவிட்டார்களே என்று நம்பிக் கைப்பையில் வைத்திருப்பதை, பெங்களூர் சர்வதேசச் சோதனையில் இழக்க நேரும்.

எக்ஸ்ரே திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் உலோகம் நீலமாகவும், உணவு, காகிதம், துணி போன்ற கரிமப் பொருட்கள் ஆரஞ்சு நிறத்திலும் தெரியும். வெடிபொருட்களும் பெரும்பாலும் அதே ஆரஞ்சுதான். ஒரு கிலோ மைசூர் பாகு, அழுத்திக் கட்டிய அல்வா, அடுக்கி வைத்த புத்தகக் கட்டு எல்லாம் திரையில் அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாக நிற்கும். நம் ஊர்ப் பைகள் ஏன் அடிக்கடி திறந்து பார்க்கப்படுகின்றன என்பதற்கு இதுவே காரணம். இனிப்பு டப்பாவைத் துணிக்கு அடியில் புதைக்காமல் மேலாக வைத்தால், திறந்து காட்டிவிட்டு இரண்டு நிமிஷத்தில் நகரலாம். முப்பரிமாணமாக வெட்டிப் பார்க்கும் சி.டி. ஸ்கேனர்கள் இப்போது சில நாடுகளில் வந்துவிட்டன. அவற்றை நம்பி ஐரோப்பாவின் சில விமான நிலையங்கள் அளவைத் தளர்த்தின, பிறகு 2024 செப்டம்பர் 1 முதல் தற்காலிகமாகப் பழையபடி நூறு மில்லிக்கே திரும்பச் சொன்னார்கள். போகிற ஊரில் தளர்வு இருந்தாலும் புறப்படும் ஊரின் விதிதான் நம்மைக் கட்டும்.

கடலூரின் பாக்கெட்

கைப்பையின் குளியல் சாமான் பிரச்சினைக்குத் தீர்வு நம் ஊரிலேயே பிறந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், வசதியுள்ளவர்கள் வாங்கும் பொருளைக் கூலி வேலை செய்பவரும் வாங்க முடிய வேண்டும் என்று நினைத்தவர். முழு பாட்டில் ஷாம்புக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் ஒரு தலைக்குளியலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று, எழுபதுகளில் பிளாஸ்டிக் பாக்கெட்டில் ஷாம்பு அடைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் வழியே வெல்வெட் ஷாம்பு வந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு 1983இல் சிக் ஷாம்பு தொடங்கினார். பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை இன்று இந்தியாவின் எந்த மூலையிலும் பார்க்கலாம். ஏழை வீட்டுக் குளியலுக்காக யோசிக்கப்பட்ட அந்த ஆறேழு மில்லி பாக்கெட்டைவிட விமானப் பயணத்துக்குப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு வாரப் பயணத்துக்கு எட்டு பாக்கெட் போதும். எல்லாம் சேர்ந்து ஐம்பது, அறுபது மில்லி. விமான நிலையக் கடையில் "டிராவல் கிட்" என்று அதிக விலைக்கு விற்கும் காலிக் குப்பிகள் வேண்டியதில்லை. தீரத் தீர எடை குறையும். திரும்பி வரும்போது அந்த இடமே காலியாக இருக்கும். பாக்கெட்டும் திரவக் கணக்கில்தான் வரும் என்பதால், கண்ணாடிப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

அதற்கும் முந்தைய பாட்டிமார் முறையோ இந்த விதிக்குள்ளேயே வராது. சீயக்காய், அரப்பு, பயத்தமாவு எல்லாம் பொடி. குளியல் சோப் கட்டி. இவற்றுக்கு நூறு மில்லி வரம்பு கிடையாது. ஆனால் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ பறப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2017இல் சிட்னியில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்குள் வெடிகுண்டு வைத்து விமானத்தில் ஏற்ற முயன்ற சதி வெளியானது. அதற்குப் பிறகு, 2018 ஜூன் 30 முதல் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. இட்லிப் பொடியும் சீயக்காயும் பெரிய பெட்டிக்கே போகட்டும். மிளகாய்ப் பொடியை எந்த ஊருக்குப் போனாலும் கைப்பையில் வைக்காதீர்கள். கண்ணில் தூவினால் ஆயுதம் என்பது அவர்கள் பார்வை, அதில் தவறும் இல்லை.

பற்பசையில் அளவு கிராமில் அச்சிட்டிருக்கும். பசை தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே நூறு கிராம் டியூப் நூறு மில்லிக்குள் தான் இருக்கும், தயங்காமல் வைக்கலாம். 150 கிராம் டியூபை வீட்டிலேயே விட்டுவிடுவது நிம்மதி.

ஊட்டி உயரத்தில் ஒரு பாட்டில்

பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்போம். இறங்கித் திறந்தால் புதுப்புடவை முழுக்க நல்லெண்ணெய். பெட்டியை எறிந்திருப்பார்கள் என்று ஆட்களைத் திட்டுகிறோம். பல நேரம் காரணம் காற்று.

விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. அதாவது நீங்கள் விமானத்தில் உட்கார்ந்திருப்பது அழுத்தக் கணக்கில் ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போலத்தான். மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிகள் வைக்கும் அடித்தளத்தில் காற்றழுத்தமே இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, பயணிகள் விமானத்தில் அந்த அறைக்கும் இதே அழுத்தம்தான்.

எட்டாயிரம் அடியில் காற்றழுத்தம் கடலூர் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு. அடைத்து வைத்த காற்று மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். 200 மில்லி பாட்டிலில் பாதி எண்ணெய், பாதி காற்று என்று வையுங்கள். அந்த நூறு மில்லி காற்றுக்கு இப்போது 133 மில்லி இடம் வேண்டும். பெட்டியைப் படுக்கப் போட்டிருப்பதால் பாட்டிலும் படுத்திருக்கும், வாய்ப்பக்கம் எண்ணெயில் மூழ்கியிருக்கும். விரியும் காற்று முதலில் வெளியே தள்ளுவது எண்ணெயைத்தான். பாதி தீர்ந்த பாட்டில் புதுப் பாட்டிலைவிட அதிகம் கசிவது இதனால்தான். கழுத்து வரை நிரம்பிய பாட்டிலில் பத்து மில்லி காற்று இருந்தால், அது கேட்கும் கூடுதல் இடம் மூன்று மில்லி. பிளாஸ்டிக் சற்று உப்பிக்கொடுத்துச் சமாளித்துவிடும்.

எனவே பாதி பாட்டிலை எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால், சின்னக் குப்பிக்கு மாற்றி நிரப்புங்கள். முடியாவிட்டால் பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டே மூடியைத் திருகுங்கள். மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கினால் இன்னும் நல்லது. ஊறுகாய்க்கும் இதே பாடம்தான். இனிப்புக் கடைகளில் செய்துதரும் வேக்யூம் பேக்கிங்கில் காற்றே இல்லை, அதனால் விரிய ஒன்றுமில்லை. ஊறுகாயை எண்ணெய் மிதக்காதபடி வடித்து, இரண்டு உறைகளில் வேக்யூம் செய்து, பெட்டியின் நடுவில் கைலிக்கும் துண்டுக்கும் இடையில் வைத்தால் பாரிஸ் வரை சொட்டாது. கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

தீப்பிடிக்கும் பொருட்கள்

இந்த இடத்தில் நான் எந்தச் சமாதானத்துக்கும் தயாரில்லை. கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள். சட்னிக்கு ஆகும் என்று நம் வீடுகளில் ஆசையாகக் கட்டிக் கொடுப்பது வழக்கம். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை, காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து தானாகவே சூடேறும். குவியலாக அடைபட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். ஐ.நா.வின் அபாயகரச் சரக்குப் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று தனி எண்ணே உண்டு, "தானாக எரியக்கூடியவை" என்ற வகுப்பில். பச்சைத் தேங்காய் வேறு. அதையும் கைப்பையில் விடுவதில்லை, ஆனால் சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடிக்காக 2022லும் 2024லும் அந்தந்த சீசனுக்கு மட்டும் சோதித்து அனுமதித்தார்கள். இருமுடியோடு சேர்த்துக் கட்டும் கற்பூரமும் தீப்பெட்டியும் அந்தச் சலுகையில் வராது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். எந்தப் பெட்டியிலும் கூடாது.

பவர் பேங்க் விஷயத்தில் நம் பழக்கம் நேர்மாறாக இருக்கிறது. கனமான பொருள் என்று பெரிய பெட்டியில் போடுகிறோம். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி அடிபட்டாலோ உள்ளே பழுதானாலோ ஒரு செல்லின் வெப்பம் அடுத்த செல்லைப் பற்றவைத்துச் சங்கிலியாகப் போகும். சரக்கு அறையின் தீயணைப்பு வாயு சாதாரணத் தீயை அடக்கும், இந்தச் சங்கிலியை அறுக்காது. பயணிகள் பக்கத்தில் நடந்தால் ஊழியர்கள் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் அருகே, புறப்படக் காத்திருந்த ஒரு விமானத்தில் மேல் ரேக்கில் தொடங்கிய தீ கூரையையே தின்றது. எல்லோரும் உயிர் தப்பினார்கள். பவர் பேங்க்தான் காரணம் என்ற சந்தேகத்தின் பேரில், அதை ரேக்கில் வைக்காமல் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று அந்த நாடு மார்ச் 1 முதல் விதி கொண்டுவந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தியது.

பவர் பேங்குக்கு வரம்பு 100 வாட்-அவர், அதாவது அதில் சேமிக்க முடிகிற மின்சக்தியின் அளவு. பவர் பேங்கின் மேல் எம்ஏஎச் (mAh) கணக்கு மட்டும் போட்டிருந்தால் 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை. 27,000 என்றால் நூறைத் தொட்டுவிடும். நூறிலிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அளவு அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையில் திருப்பி அனுப்பவும் கூடும்.

டியோடரன்ட், வலி நிவாரண ஸ்பிரே போன்றவை ஒரு டப்பா அரை லிட்டருக்குள், மொத்தம் இரண்டு லிட்டருக்குள் பெரிய பெட்டியில் போகலாம். பழைய பாதரசத் தெர்மாமீட்டரைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமானத்தின் உடல் அலுமினியம், பாதரசம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இன்சுலின் மட்டும் எப்போதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. அது உறைந்தால் கெட்டுப்போகும், பெட்டி தொலைந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்துக்கு நூறு மில்லி வரம்பில் விலக்கு உண்டு.

யாருடைய பெட்டி

"இந்தப் பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா? வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" கவுன்ட்டரில் கேட்கும் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டுகிறோம். அதன் வேர் நம் மண்ணிலும் இருக்கிறது.

1984 ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம். கொழும்பு விமானத்துக்கென்று ஒருவர் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாமல் போய்விட்டார். உரிமை கோராமல் கிடந்த பெட்டி இரவில் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த வருஷம் ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அயர்லாந்துக்கு அருகே கடலில் சிதறியது, 329 பேர். அங்கேயும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பையின் அடித்தட்டில் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. வைத்தவர் அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன காதலர், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே விமானம் வெடித்து 270 பேர் இறந்ததும் ஆளில்லாமல் வந்த ஒரு சூட்கேஸால். பெட்டி கொடுத்துவிட்டு நீங்கள் ஏற வராவிட்டால் விமானத்தைத் தாமதப்படுத்தியாவது உங்கள் பெட்டியைத் தேடி இறக்குவது இதனால்தான்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். வளைகுடாவுக்கு ஒருவர் போகிறார் என்று தெரிந்தால் தெருவே பார்சல் கொடுத்தனுப்பும். பாசத்தில் கொடுப்பதுதான். ஆனால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்குக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா இருக்கலாம். நமக்கு அது மசாலா. அமீரகத்தில் அது போதைப்பொருள் வரிசையில் வருகிறது, சிங்கப்பூரிலும் தடைப்பட்டது. கைதாவது பெட்டிக்குரியவர், பொடி அரைத்தவர் அல்ல. நம் ஊர் மருந்துக் கடையில் வாங்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் டிரமடால் மாத்திரைக்கும் அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும்.

புதுச்சேரியில் பாரிஸுக்குப் போன உறவினர் இல்லாத தெரு குறைவு. அவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும். ஐரோப்பிய ஒன்றியம் வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவருவதைத் தடுக்கிறது. கால்நடை நோய் வந்துவிடும் என்ற அச்சம். எனவே நெய்யும் பால்கோவாவும் கூடாது. மீனுக்கோ ஒருவருக்கு இருபது கிலோ வரை அனுமதி. அத்தையின் நெத்திலிக் கருவாடு சட்டப்படியே பாரிஸ் போகலாம், நெய் போக முடியாது. வாசனை வெளியே வராமல் கட்டுவது மட்டும் நம் பொறுப்பு. கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அதில் ஒட்டிவரும் சிறு பூச்சி அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும். 2019 டிசம்பரில் வந்த விதியில் சான்றிதழ் வேண்டாத பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. பண்ருட்டிப் பலா அதில் இல்லை.

எடை

உள்நாட்டில் கைப்பை ஏழு கிலோ, பெட்டி பெரும்பாலும் பதினைந்து கிலோ. வெளிநாட்டுக்கு டிக்கெட்டைப் பொறுத்து. எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அது தூக்குகிறவரின் முதுகெலும்புக்கான வரம்பு. நாற்பது கிலோவை இரண்டு பெட்டியாகப் பிரித்தால் போகும், ஒரே பெட்டியாகக் கட்டினால் போகாது. கயிறு சுற்றிய உருண்டை மூட்டைகள் கன்வேயரில் உருண்டு சிக்கிக்கொள்வதால், தட்டையான பக்கம் இல்லாதவற்றைத் துபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலிருந்து ஏற்பதில்லை. பழைய பயணத்தின் பார்கோடு ஒட்டுகளைக் கிழித்துவிடுங்கள். இயந்திரம் பழையதைப் படித்துப் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிடக்கூடும்.

லாஸ்பேட்டையில் ஏறுகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர் அளவுதான். பெரிய ஜெட் இறங்க அது போதாது. 2024 டிசம்பர் 20 முதல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். அதன் மேல் ரேக் சிறியது. சக்கரம் வைத்த கெட்டியான கைப்பெட்டியை ஏணியடியிலேயே வாங்கி அடியில் வைத்துவிடும் வாய்ப்பு அதிகம். பவர் பேங்கையும் மருந்தையும் பாஸ்போர்ட்டையும் தனியாக ஒரு துணிப்பையில் வைத்திருந்தால், பெட்டியைக் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அக்னி நட்சத்திர வெயிலில் காற்று லேசாகிச் சிறகுக்குத் தாங்கல் குறையும், குட்டை ஓடுபாதையில் சுமக்கும் எடையும் குறையும். அந்த நாட்களில் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு உண்டு.

கடலூரிலிருந்து திண்டிவனம் வழியே சென்னைக்குப் போகும் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மீனம்பாக்கத்துக்குப் பெட்டியை இன்னொரு முறை ஏற்றி இறக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து தரையில் பரப்பி, எதை எறிவது என்று தவிக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும். எடையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கொக்கித் தராசு இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடையின் மூட்டைத் தராசு போதும்.

போன மாசம் தம்பி புறப்பட்டபோது அப்படித்தான் செய்தோம். அதற்கு முன்பு அம்மாவிடம் அந்த நார்த்தங்காய் பாட்டிலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பவே சொல்லியிருந்தா தனியா வறுத்து பொடியா குடுத்திருப்பேனே" என்றார். இம்முறை ஊறுகாய் வேக்யூம் உறைக்குள் பெட்டி நடுவில் போனது. மளிகைக் கடைத் தராசில் 22 கிலோ 600 காட்டியது. டிக்கெட்டில் 23. அம்மா முள்ளைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் நானூறு கிராம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, வடகம் எடுத்துவர வீட்டுக்கு நடந்தார்.